நீர்ப்பறவைக் கணிப்பும் நம் குடாநாடும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே பெய்யும் மழையை அளப்பதற்கு அங்கு ஒரு வானிலை அவதான நிலையம் உண்டு. நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அங்குள்ள மழைமானி நோக்கப்படுகின்றது. அதே வேளையில் இலங்கையின் பிற நிலையங்களிலுள்ள மழைமானிகளும் நோக்கப்படுகின்றன. ஒரு மழைமானி காட்டும் அளவைத் தனியே வைத்துப் பார்த்தால் அது ஒரு முற்றத்தில் விழுந்த நீரின் கணக்கேயாம். பல இடங்களில், ஒரே வேளையில், ஒரே முறையில் எடுத்த அளவுகளோடு சேர்ந்து பல்லாண்டு தொடர்ந்து வரும்போதுதான் அது பருவமழையின் வரலாறாகின்றது. உயிரினங்களையும் அவை வாழும் சூழலையும் ஆராயும் சூழலியலும் இந்நெறியையே கைக்கொண்டு வளர்ந்துள்ளது. அத்துறையில் இன்று இயங்கிவரும் ஆய்வுக் கூட்டமைப்புக்களுள் நம் குடாநாட்டு மாணவர் எளிதிற் சேர்ந்து பணிசெய்யக்கூடியது நீர்ப்பறவைக் கணிப்பாகும். அதன் இயல்பையும், அதிற் சேர்வோர்க்கு இன்று திறந்துள்ள வாயில்களையும் இக்கட்டுரை எடுத்துரைக்கும். பறவைகளை எண்ணுவதனால் விளையும் பயன் யாது என்று வினவுவோர் பலராதலின், அவ்வினாவுக்கும் விடை கூறுதல் வேண்டும்.

நெடுங்காலம் இடையறாது குறித்து வைப்பதன் பெருமைக்குப் பிறநாட்டுச் சான்றுகள் பல உள. இங்கிலாந்திலே றொதாம்ஸ்தெட் என்னுமிடத்தில் 1843ஆம் ஆண்டு தொடங்கிய கோதுமை வயல் ஆய்வு இன்றும் நடைபெறுகின்றது. இதனினும் வியப்பைத் தருவது யப்பானியர் செய்தியாகும். கியோத்தோ நகரத்திலே செரி மரங்கள் பூத்த நாள்களை அரசவையினரும் துறவியரும் தத்தம் நாட்குறிப்புகளிலே எழுதி வைத்தனர். அவர்கள் விழாவுக்காக எழுதினர். விஞ்ஞானத்தை எண்ணி எழுதினாரல்லர். அக்குறிப்புகளைப் பிற்காலத்து அறிஞர் ஒன்று சேர்த்தபோது ஒன்பதாம் நூற்றாண்டு தொடக்கம் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு கிடைத்தது. 2021ஆம் ஆண்டிலே மார்ச்சு 26ஆம் நாள் அம்மரங்கள் முழுமையாகப் பூத்தன. அவ்வளவு முற்பட்ட நாள் அதுவரை அவ்வேட்டில் இருந்ததில்லை. உலகம் வெப்பமடைந்து வருவதை மறுப்போர்க்கு அரசவைப் பூவிழாக் குறிப்பே விடையாயிற்று.

பலர் ஒருங்கே கூடி எண்ணும் வழக்கம் அமெரிக்காவிலே 1900ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தில் தோன்றியது. அந்நாளிற் பறவைகளைச் சுட்டு வீழ்த்திப் போட்டியிடும் பழக்கம் அந்நாட்டில் இருந்தது. பிராங்க் சாப்மன் என்பார், சுடுவதை விடுத்து எண்ணுவோம் என்றார். இருபத்தேழு பேர் இசைந்தனர். அக்கணிப்பு இன்றும் ஆண்டு தவறாது நடைபெற்று வருகின்றது. நீர்ப்பறவைகளுக்கான பன்னாட்டுக் கணிப்பு 1967ஆம் ஆண்டிலும், அதன் கிளையாகிய ஆசிய நீர்ப்பறவைக் கணிப்பு 1987ஆம் ஆண்டில் இந்தியத் துணைக்கண்டத்திலும் தொடங்கின. ஆண்டுதோறும் சனவரி மாதத்து நடுவிலே, ஆசிய நாடுகள் பலவற்றின் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் உப்பளங்களிலும் தன்னார்வலர் நின்று எண்ணுகின்றனர். சனவரியைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. வலசை வந்த பறவைகள் அம்மாதத்திலேதான் பெரும்பாலும் ஓரிடத்தில் நிலைகொண்டிருக்கும்; ஆகவே ஒன்றையே இருமுறை எண்ணும் பிழை குறையும்.

இனி நம் குடாநாட்டின் இடத்தை நோக்குவோம். வட துருவக் கரையிலிருந்து இந்துமாகடல் வரை நீண்டு, முப்பது நாடுகளைத் தழுவிச் செல்லும் வலசைப் பாதை மத்திய ஆசியப் பறவைப் பாதை எனப்படும். அதன் தென்முனையிலே இலங்கை உள்ளது. இலங்கைக்கு அப்பால் தெற்கே தென்துருவக் கண்டம் வரை வெறுங்கடலேயாதலின், வந்த பறவை இங்கேயே தங்கவேண்டும். பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள கோடிக்கரையிலே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், சலீம் அலி அவர்களின் காலந்தொட்டுப் பறவைகளைப் பிடித்துக் காலிலே வளையமிட்டு விடுத்து வந்துள்ளனர். அக்கரைக்கும் நம் கரைக்கும் இடையே ஐம்பது கிலோமீற்றர் அளவுதான் கடல். மன்னாரிலே பிடித்துச் செய்மதிக் கருவி பூட்டி விடப்பெற்ற கடற்காகம் ஒன்று உருசியாவின் வட துருவக் கரைவரை சென்று, இனம்பெருக்கும் பருவம் கழிந்தபின் மீண்டும் மன்னாருக்கே வந்ததைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் அண்மையிற் கண்டறிந்தனர். அதே பாதையில் வரும் பறவைகளே ஆனையிறவிலும் பொன்னாலையிலும் மண்டைதீவுக் கரையிலும் வந்திறங்குகின்றன. பூநாரையும், ஊசிவால் தாராவும், உள்ளான் இனங்களும், நண்டை உண்டு வாழும் நண்டுண்ணியும் மாரிக்குப் பின் நம் நீரேரிகளிற் காணப்படுவன.

எண்ணுவதன் பயனை அறிதற்குத் தென்னிலங்கைக்குச் செல்லல் வேண்டும். அம்பாந்தோட்டைப் பகுதியிலுள்ள புந்தல நீரேரிகள் 1990ஆம் ஆண்டிலே இராம்சார் உடன்படிக்கையின்கீழ் இலங்கையின் முதலாவது ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டன. பூநாரைத் திரள்களே அவ்விடத்தின் புகழுக்குக் காரணம். கிரிந்தி ஓயாவை மறித்து எழுந்த லுணுகம்வெகர நீர்த்தேக்கத்தினால் வயல்கள் பெருகின; வயல்களிலிருந்து வடிந்த நன்னீர் எம்பிலிகல, மலல என்னும் நீரேரிகளிற் புகுந்தது. உவர் குன்றியது. உவர்நீரிலே செழிக்கும் நுண்ணுயிர்களையும் சிற்றிறால்களையும் நம்பி வாழும் பூநாரைக்கு அங்கே இரை அற்றது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில ஆண்டுகளுக்குள்ளே பெருந்திரள்கள் வருவது நின்றுபோயிற்று. நீர்ப்பாசனம் வகுத்தோர் பறவைக்குப் பகைவரல்லர். தாம் விடும் நீர் எங்கே சென்று எதனை மாற்றும் என்பதை அவர்கள் கருதவில்லை. ஆண்டுதோறும் எண்ணி வந்தவர்கள் இருந்தமையாலேதான் மாற்றம் எப்பொழுது நேர்ந்தது, எதனோடு சேர்ந்து நேர்ந்தது என்று கூற முடிந்தது.

இச்செய்தி நம் குடாநாட்டுக்கு மிக அணுக்கமானது. நமக்கு ஆறு இல்லை. சுண்ணக்கற் படையிலே தேங்கிய மழைநீரே திருநெல்வேலி, கோண்டாவில், கோப்பாய் ஆகிய ஊர்களின் தோட்டக் கிணறுகளை ஊட்டுகின்றது. மிகுதியாக இறைத்தால் உவர் ஏறும். மிகுதியாகப் பசளையிட்டால் நைத்திரேற்று நிலத்தடி நீரிற் சேரும். இவ்விரண்டும் நேர்ந்துள்ளன. இக்குறையைப் போக்கும் பொருட்டே, உவர் நீரேரிகளை மழைநீரால் நிரப்பி நன்னீர்த் தேக்கங்களாக்கும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பேசப்பட்டு வந்தது. 1950க்குப் பிந்திய ஆண்டுகளிலே தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் ஆனையிறவு நீரேரியையும் வடமராட்சி நீரேரியையும் இணைக்கும் திட்டத்தை வகுத்தார். முள்ளியான் கால்வாய் முற்றுப்பெறாது நின்றது. வடமராட்சி நீரேரியை நன்னீராக்கும் முயற்சி அண்மைக் காலத்தில் மீண்டும் எழுந்தது. 2024ஆம் ஆண்டில் தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது.

குடிநீர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. கிணற்று நீர் உவர்த்துப்போன ஊரிலே நின்று பூநாரைக்காகப் பேசுவது எளிதன்று. அவ்வாறு பேசவேண்டும் என்பதும் இக்கட்டுரையாளரின் கருத்தன்று. ஒரு நீரேரியை நன்னீராக்கினால் எவ்வெப் பறவைகள் எத்தனை நீங்கும், அவை தங்குதற்கு அயலிலே வேறு உவர்வெளி உண்டோ, மீன் குஞ்சும் இறாலும் நம்பியிருக்கும் கடற்றொழிலாளர்க்கு யாது நேரும் என்பவற்றைத் திட்டம் வகுப்போர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். முதல் தடுப்பணைகள் எழுந்த காலத்திலே நீர்ப்பறவைகளுக்கான பன்னாட்டுக் கணிப்பே தோன்றியிருக்கவில்லை. இனி எழுவனவற்றுக்கு அச்சாக்குப் பொருந்தாது.

காற்று மின்னிலும் இவ்வினா எழுந்தது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்று ஆற்றலுடைய காற்றாலைகளை நிறுவ அதானி நிறுவனம் முன்வந்தபோது, மன்னார் வலசைப் பறவைகளின் வாயில் என்பதை எடுத்துக்காட்டிச் சூழல் அமைப்புக்கள் 2024ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தை நாடின. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலே அந்நிறுவனம் திட்டத்தினின்றும் விலகியது. விலகியதற்குக் கட்டண வழக்கு முதலிய வேறு காரணங்களும் உண்டு. எனினும் வழக்காடுவோர் நீதிமன்றத்தின் முன் வைக்கத்தக்க சான்று, பறவை அழகியது என்னும் கூற்றன்று; எத்தனை, எப்பொழுது, எவ்வழி என்னும் எண்களேயாம்.

அவ்வெண்கள் வடக்கிலே குறைவுபட்டமைக்குக் காரணம் யாவரும் அறிந்ததே. 1987இல் ஆசியக் கணிப்புத் தொடங்கியபோது இங்கே போர் நடந்துகொண்டிருந்தது. 2009ஆம் ஆண்டு வரையில், தொலைநோக்கியை ஏந்தி நீரேரிக் கரையிலே காலை முழுவதும் நிற்பவனைப் பறவை நோக்குபவன் என்று எந்தத் தரப்பினர் நம்பியிருப்பர்? போர் ஓய்ந்த பின்னும் முகமாலை முதலிய இடங்களிற் கண்ணிவெடிகளை அகற்றும் வேலை நெடுங்காலம் நீண்டது. 1938ஆம் ஆண்டிலேயே பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாயிற்று. 1990 முதல் 2013 வரை இலங்கையிலே ஆறு ஈரநிலங்கள் இராம்சார் பட்டியலிற் சேர்ந்தன. அவற்றுள் வங்காலை மன்னாரைச் சேர்ந்தது, குடாநாட்டினது ஒன்றுமில்லை. ஓர் ஈரநிலம் அப்பட்டியலிற் சேர்வதற்குரிய அளவைகளுள் இரண்டு எண்ணிக்கையைப் பற்றியன: இருபதினாயிரம் நீர்ப்பறவைகள் முறையாக வருதல் ஒன்று, ஓர் இனத்தின் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு வருதல் மற்றொன்று. ஓராண்டு கண்டோம் என்பது போதாது. முறையாக வருகின்றன என்று காட்டுதல் வேண்டும். தொடர்ந்த கணிப்பு இல்லாதவிடத்து இத்தகுதியை எவ்வாறு நிறுவுவது?

இப்பணியிற் புகுவோர்க்கு இன்று வாயில்கள் பல. இலங்கையிலே 1943ஆம் ஆண்டு தோன்றிய சிலோன் பேர்ட் கிளப் என்னும் பறவைக் கழகமும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976ஆம் ஆண்டு தோன்றிய களப் பறவையியற் குழுவும் இத்துறையில் முன்னின்று உழைத்து வருவன. திருநெல்வேலியிலே 1974ஆம் ஆண்டு வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே விலங்கியலும் தாவரவியலும் புவியியலும் கற்பிக்கப்படுகின்றன. பட்ட ஆய்வுக்குப் பொருள் தேடும் மாணவர் தம் வாயிலிலிருந்து சிறிது தூரத்திலுள்ள நீரேரியை விடுத்துத் தொலைவிலுள்ள காடுகளை நாடவேண்டியதில்லை. அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தார் 2002ஆம் ஆண்டு தொடங்கிய ஈபேர்ட் என்னும் இணையத் தரவேட்டிலே எவரும் தாம் கண்ட பறவைகளைப் பதியலாம். தமிழகத்திலே 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாள்களில் நடைபெறும் பறவைக் கணிப்புக்கு அதுவே ஏடு. பள்ளிப் பிள்ளைகள் தத்தம் ஊர்க் குளக்கரைகளில் நின்று அதிற் பங்குகொள்கின்றனர். தைப்பொங்கல் நமக்கும் உரியதாகலின், அவ்வழக்கம் நீரிணையைக் கடந்து இங்கு வருதற்குத் தடை யாது? இளம் ஆய்வாளர்க்குச் சிறு பொருளுதவி செய்வனவற்றுள் பிரித்தானியாவின் றஃபோட் நிதியமும் கீழைத்தேயப் பறவைக் கழகமும் குறிப்பிடத்தக்கன. தெளிவான வினாவும், இரண்டு மூன்று ஆண்டுகள் தாமே எடுத்த எண்ணிக்கையும் கையிலிருப்பின் அவற்றின் வாயிலைத் தட்டுதல் எளிதாகும்.

எண்ணும் முறையை ஒரு காலையிலேயே கற்றுக்கொள்ளலாம். பறவை இனங்களைப் பிரித்தறிதற்குத்தான் ஓரிரு மாரிகள் செல்லும். சிறு கூட்டமாயின் ஒவ்வொன்றாக எண்ணுக. ஆயிரக்கணக்கிற் கூடியிருப்பின், முதலிற் பத்தை எண்ணி, அப்பத்து எவ்வளவு இடத்தை அடைக்கின்றது என்று கண்ணில் நிறுத்தி, அவ்வளவாற் கூட்டத்தை அளந்து செல்க. பறவை பறந்துவிட்டால் மனம்போன போக்கில் ஓர் எண்ணை எழுதலாகாது. பறந்தது என்று எழுதுக. உள்ளான் வகை இதுவென்று துணியமாட்டாதபோது, பிரித்தறியாத உள்ளான் என்று குறிப்பதே நேர்மை. காலில் வளையமோ நிறக் கொடியோ கண்டால் நிறத்தையும், எழுத்து இருப்பின் எழுத்தையும், எந்தக் கால் என்பதையும் குறித்துக்கொள்க. அப்பறவைக்குக் கொடி கட்டியவர் அச்செய்திக்காகக் காத்திருப்பார். நின்ற இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நீரின் அளவு ஆகிய யாவும் படிவத்தில் இருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு வேறொருவர் வந்து அதே இடத்தில் நிற்கும்படி, மதகு, மைற்கல், பாலத்தின் தூண் ஆகிய அசையாப் பொருள்களைக் கொண்டு இடத்தைக் குறிப்பது நலம்.

திருநெல்வேலியிலிருந்து செம்மணி வெளி மிதிவண்டிக்கு எட்டுந் தூரமே. பட்டணத்திலிருந்து தீவகத்துக்குச் செல்லும் பண்ணை வீதியின் இருமருங்கும், காரைநகர்க்குச் செல்லும் பொன்னாலைப் பாலத்தின் இருபுறமும், நாவற்குழிக்கு அப்பால் சங்குப்பிட்டி வரையுள்ள கரையும் காலை ஆறரை மணிக்கே எண்ணுதற்கு ஏற்றன. கிழக்கு நோக்கி நின்றால் வெயில் கண்ணிற் படுமாதலின் மேற்கு நோக்கி நிற்றல் நன்று. இருவர் சேர்ந்து சென்றால் ஒருவர் எண்ண மற்றவர் எழுதலாம். பறவை ஒன்றுமில்லாத நீரேரிக்கும் படிவம் நிரப்பி, பூச்சியம் என்று எழுதி அனுப்புதல் வேண்டும். கணக்கெடுப்போர் பெரும்பாலும் மறந்துவிடுவது இதனையே.