மலைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

கைடு உண்டு, சுமைதூக்கி உண்டு, ஒவ்வோர் இரவும் விடுதியில் படுக்கையும் சாப்பாடும் உண்டு. நடப்பது மட்டுமே உங்கள் வேலை. நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதை இப்படித்தான் விற்கப்படுகிறது. விடுதிக்கு விடுதி நடந்து, 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோரோங் லா கணவாயைக் கடந்து, மறுபுறம் முக்திநாத்தில் இறங்குகிற பாதை அது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் முக்திநாத் என்ற பெயருக்கே தமிழர்களிடம் தனி ஈர்ப்பு உண்டு.

மியான்மரின் யாங்கோன்வாசிகளுக்கு முன்பெல்லாம் மலைநடை என்றால் கலோதான். ஷான் மாநிலத்துக் கலோவிலிருந்து இன்லே ஏரிவரை இரண்டு மூன்று நாள் நடப்பார்கள். வழியில் கிராமத்து வீடுகளிலும் புத்த மடங்களிலும் தங்குவார்கள். இன்னும் உயரம் வேண்டியவர்கள் சின் மாநிலத்தில் 3,053 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா மலைக்குப் போவார்கள். 2021 பிப்ரவரி ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு சண்டை பரவியதில் இந்தப் பாதைகளை நம்பிப் புறப்பட முடியாமல் போனது. 2025 மார்ச் 28 நிலநடுக்கம் இன்லே ஏரிக் கிராமங்களையும் உருக்குலைத்தது. இந்த நிலையில் நேபாளத்தின் பக்கம் பார்வையைத் திருப்புகிறவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கலோ சுமார் 1,300 மீட்டர் உயரம்தான். அங்கே களைக்காமல் நடந்தவர் 4,000 மீட்டரிலும் அப்படியே நடப்பார் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. கடல் மட்டத்தை ஒட்டி வாழ்கிற யாங்கோன்காரருக்கும் சென்னைக்காரருக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும்.

சுமார் 2,500 மீட்டருக்கு மேலே யாரையும் உயர மலைநோய் தாக்கலாம். வயது, உடற்பயிற்சி, மனவலிமை எதுவும் அதற்குக் கவசமல்ல. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும். அந்தக் கட்டத்தில் மேலே ஏறாமல் அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பொருட்படுத்தாமல் ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். இரண்டுமே உயிரைப் பறிப்பவை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், இருமலோடு நுரை வந்தால் அது நுரையீரல் கோளாறு. பேச்சு குழறுகிறவரை, தள்ளாடுகிறவரை ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரல்நுனியும் ஒட்ட நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியவில்லை என்றால் அது மூளை வீக்கம். அப்போது விடியும்வரை காத்திருக்கக் கூடாது. துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும். பூண்டு சூப் குடித்தால் சரியாகிவிடும் என்று விடுதிகளில் சொல்வார்கள். குளிருக்கு அது இதமாக இருக்கும், நோய்க்கு மருந்தாகாது. அசெட்டசோலமைடு மாத்திரை உதவும், ஆனால் சல்பா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆபத்தாகலாம். ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போவதே சரி.

3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, நேற்றுப் படுத்த இடத்தைவிட இன்று படுக்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் அடிப்படை விதி இது. மலிவுப் பயணத் திட்டங்கள் கைவைப்பது முதலில் இந்த நாட்களில்தான். இப்போது ஜீப் சாலை மனாங் வரை போகிறது. 800 மீட்டருக்கும் தாழ்வான பேசிசஹரில் வண்டி ஏறினால் ஒன்றிரண்டு நாளில் 3,540 மீட்டரிலுள்ள மனாங்கில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். நான்கு நாள் விடுதிச் செலவு மிச்சம், விடுப்பும் மிச்சம்; உடலுக்குத்தான் பழக நேரமில்லை. ஆகவே திட்டத்தாளில் எத்தனை கிலோமீட்டர் நடை என்று பார்ப்பதற்கு முன் ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தூங்கப்போகிறீர்கள் என்று பாருங்கள். அந்த விவரமே இல்லாத தாளுக்குப் பணம் கட்டாதீர்கள். நடக்காமல், பொக்ராவிலிருந்து விமானத்தில் ஜோம்சோம் போய் அங்கிருந்து ஜீப்பில் முக்திநாத் சேரும் யாத்திரிகர்களுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. கோயில் இருப்பது சுமார் 3,700 மீட்டரில். வீட்டுப் பெரியவர்களை ஒரே நாளில் அங்கே ஏற்றும் திட்டத்தை மறுபடி யோசியுங்கள்.

இனி கைடு. 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு மலைநடையாளர்கள் பதிவுபெற்ற நிறுவனம் வழியாக உரிமம் பெற்ற கைடுடன்தான் போக வேண்டும் என்று நேபாளம் விதி செய்தது. அன்னபூர்ணா பகுதி அதில் அடங்கும். கைடின் உரிம அட்டையைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை. அதில் அவமரியாதை எதுவும் இல்லை. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு உங்கள் பெயரில், உங்கள் கடவுச்சீட்டு எண்ணோடு இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு சார்க் நாட்டவர் என்ற சலுகைக் கட்டணம் உண்டு. மியான்மர் சார்க்கில் இல்லாததால் யாங்கோனிலிருந்து போகிறவர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். அனுமதிச் சீட்டு வெறும் சம்பிரதாயமல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கொடிய சான்று உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் 23 பேர் மாண்டார்கள். அனுமதியில்லாத பாதையில் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது மீட்க வருகிறவருக்கும் தெரியாது.

ஆனால் உரிமம் உள்ள கைடு கூடவே இருந்தும் உயிர்கள் போயிருக்கின்றன. 2014 அக்டோபர் 14 அன்று ஹுட்ஹுட் புயலின் எச்சம் தோரோங் லாவில் பெரும் பனியாகக் கொட்டியது. அந்தப் பகுதியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் கைடுகளும் சுமைதூக்கிகளும் அடக்கம். கணவாயை எப்படியாவது கடந்துவிடலாம் என்று கிளம்பியவர்கள் பலர். 2024 ஜூனில் உத்தரகாண்டின் சகஸ்திர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன குழுவில் 9 பேர் பனிப்புயலில் இறந்ததும் கைடுகள் உடனிருந்தபோதுதான். திரும்பிவிடுவோம் என்று சொல்லும் அதிகாரம் கைடுக்கு இருக்கிறதா? அதைச் சொன்னால் அவருடைய கூலி குறையுமா? நீங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடுவீர்களா? என் பார்வையில் முழுப் பாதுகாப்பும் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. ஒப்பந்தத் தாளில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: வானிலை காரணமாகவோ உடல்நிலை காரணமாகவோ திரும்புவது கைடின் முடிவு, அதற்காக அவர் கூலி குறையாது. காத்திருக்க ஒன்றிரண்டு உபரி நாட்களும் திட்டத்தில் இருக்கட்டும். மறுநாள் விமான டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணவாய் ஏறுகிறவரால் நிதானமாக முடிவெடுக்க முடியாது.

உங்கள் சுமையைச் சுமக்கிறவருக்கும் உரிமைகள் உண்டு. நேபாளத்தில் ஒருவர் 30 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது சுமைதூக்கிகள் பாதுகாப்புக்காகப் பேசும் சர்வதேச அமைப்பின் நெறி. அவருக்குக் குளிராடையும் தங்குமிடமும் இன்சூரன்சும் நிறுவனம் தர வேண்டும். நோயுற்றால் அவரைத் தனியாகக் கீழே அனுப்பக் கூடாது. இவற்றைக் கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால்தான் நிறுவனங்கள் செய்யும்.

ஏமாற்றம் அதிகம் நடப்பது இன்சூரன்சில். சாதாரணப் பயண பாலிசிகள் பலவற்றில் உயர வரம்பு இருக்கிறது. 3,000 அல்லது 4,000 மீட்டருக்கு மேல் செல்லாது என்று உள்பக்கத்தில் ஒரு வரி இருக்கும். தோரோங் லாவுக்குப் போகிறவர் தம் பாலிசியில் அந்த உயரமும், கூடவே ஹெலிகாப்டர் மீட்பும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவமும் மீட்பும் இருவேறு செலவுகள்: ஆஸ்பத்திரிச் செலவைத் தருகிற பாலிசி தேடுதலுக்கும் மீட்புக்கும் தரும் என்பதில்லை. உங்கள் நாட்டு அரசு போக வேண்டாம் என்று அறிவித்த பகுதியில் பல பாலிசிகள் அடியோடு செல்லாது. மியான்மரின் மலைகளுக்கு வர நினைக்கும் வெளிநாட்டுத் தமிழர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

ஹெலிகாப்டர் ஏறுவதிலும் எச்சரிக்கை தேவை. தேவையில்லாத மீட்புகளை உண்டாக்கி, பயண நிறுவனங்களும் ஹெலிகாப்டர் நிறுவனங்களும் மருத்துவமனைகளும் சேர்ந்து இன்சூரன்ஸ் பணம் பறித்ததை 2018-இல் நேபாள அரசின் விசாரணையே வெளிக்கொண்டுவந்தது. ஆகவே நிலைமை கைமீறவில்லை என்றால், ஏறுவதற்கு முன் பாலிசியிலுள்ள அவசர எண்ணை அழைத்து ஒப்புதலும் கோப்பு எண்ணும் வாங்குங்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்திருங்கள். குளிரில் போன் சீக்கிரம் அணைந்துவிடும். உயிருக்கே ஆபத்தென்றால் முதலில் இறங்குங்கள், கணக்கைப் பிறகு பார்க்கலாம். பணம் இருந்தாலும் மீட்பு வந்தே தீரும் என்று எண்ணிவிடக் கூடாது. 2014 ஆகஸ்ட் இறுதியில் மியான்மரின் மிக உயர்ந்த சிகரமான காகபோ ராசியில் இரண்டு மியான்மர் இளைஞர்கள் காணாமல் போனார்கள். நாடே திரண்டு தேடியது. தேடப் போன ஹெலிகாப்டர் ஒன்று விபத்துக்குள்ளாகி, அதில் இருந்தவர்களைத் தேட வேறு குழுவை அனுப்ப நேர்ந்தது. அந்த இளைஞர்கள் திரும்பவே இல்லை.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் நடைக்குப் போகும் தமிழர்களுக்கும் ஒரு குறிப்பு. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதை வைத்திருப்பதாலேயே மலை மீட்புச் செலவு கிடைத்துவிடாது. மோன் பிளாங்கைச் சுற்றும் பாதையில் பிரான்ஸ் எல்லைக்குள் மலைமீட்பு பெரும்பாலும் இலவசம், சுவிட்சர்லாந்துக்குள் பில் வரும். ஆஸ்திரிய ஆல்பைன் கழகத்தில் உறுப்பினரானால் 25,000 யூரோ வரை மீட்புச் செலவு கிடைக்கும், வெளிநாட்டினரும் சேரலாம். ஐரோப்பிய ஒன்றியத்து நிறுவனத்திடம் தொகுப்புப் பயணம் வாங்கியவர், போகுமிடத்தில் தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழல் எழுந்தால் புறப்படும் முன் கட்டணமின்றி ரத்து செய்யலாம்; பணம் 14 நாளுக்குள் திரும்ப வேண்டும்.

நம் பக்கம் பரிகாரம் கிடைப்பது காகிதத்தைப் பொறுத்தது. யாங்கோனில் பேஸ்புக்கில் ஆள் சேர்த்து, கேபிஇசட் பே என்ற பணம் செலுத்தும் செயலியில் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் பணம் வாங்குகிறவர்களிடம் பிறகு வாதாடுவது கடினம். ஹோட்டல் மற்றும் சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று பாருங்கள். நிறுவனக் கணக்குக்கே கட்டி ரசீது வாங்குங்கள். எதைச் சேர்த்து இந்த விலை, எப்போது ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பது எழுத்தில் இருக்கட்டும். மியான்மரில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; வணிக அமைச்சகத்தின் நுகர்வோர் விவகாரத் துறையிடம் புகார் கொடுக்கலாம். இந்தியாவில் 1915 என்ற எண்ணை அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். காத்மாண்டுவில் ஏமாற்றப்பட்டால் அங்குள்ள சுற்றுலாப் போலீசிடம் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். ஊர் திரும்பிய பிறகு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது அந்த நகலைத்தான்.

மலைநடைக்குக் கிளம்ப நினைக்கிறவர்கள் தயங்காமல் கிளம்புங்கள். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு கடிதம் எழுதி, தூங்கும் உயரங்கள், கைடின் உரிமம், திரும்பும் அதிகாரம், சுமைதூக்கியின் இன்சூரன்ஸ், ரத்து விதி ஆகியவற்றைக் கேளுங்கள். எழுத்தில் பதில் தராத நிறுவனத்துக்கு ஒரு சாட்டும் கட்டாதீர்கள், ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.