விந்தணுவின் நீந்தும் திறனும் சத்து மாத்திரைகளும்

திருமணமாகி ஓராண்டு கடந்தால் போதும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேள்வி பெரும்பாலும் மனைவியிடம்தான் போகும். ஆனால் குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, கடையில் கிடைக்கும் சத்து மாத்திரைகளைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடும் ஆண்கள் உண்டு. அவை பயன் தருமா?

நீந்தும் திறன் என்றால் என்ன?

விந்தணுக்கள் எண்ணிக்கையில் நிறைய இருந்தால் மட்டும் போதாது. கருமுட்டையை நோக்கி நீந்தவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு, அசையும் விந்தணுக்கள் 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம் என்று கீழ் அளவைக் குறிப்பிடுகிறது. இதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருளல்ல, வாய்ப்பு குறையலாம்.

ஆய்வுகள் சொல்வது

வைட்டமின் சி, ஈ, செலெனியம், துத்தநாகம், எல்-கார்னிடைன், கோ-என்சைம் க்யூ10 ஆகியவை விந்தணுவை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் என்பதே இம்மாத்திரைகளின் அடிப்படை. சில சிறிய ஆய்வுகளில் நீந்தும் திறன் கூடியதும் உண்மை.

ஆனால் அமெரிக்காவில் 2370 தம்பதியரிடம் நடந்து, 2020-இல் வெளியான ஆய்வின் முடிவு வேறு. ஆண்களில் ஒரு பாதியினர் ஆறு மாதம் தினமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் எடுத்தனர். அவர்களில் 34 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 35 சதவீதத்தினருக்கு. நீந்தும் திறனும் கூடவில்லை. மாறாக, விந்தணுவின் மரபணுச் சிதைவு சற்று அதிகரித்தது. வயிற்று உபாதைகளும் கூடின.

நீங்கள் செய்யக்கூடியவை

1. ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால், மனைவிக்கு 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் செல்லுங்கள். விந்துப் பரிசோதனை எளிதானது, வலியற்றது.

2. விதைப்பையில் நரம்பு புடைத்திருத்தல் போன்ற காரணங்களுக்குச் சிகிச்சை உண்டு. மாத்திரையை நம்பிக் காலம் கடத்தினால் மனைவியின் வயதும் கூடுகிறது.

3. புகைப்பதை நிறுத்துங்கள். மது, உடல் எடை இரண்டையும் குறையுங்கள். சூடான நீர்த்தொட்டி, சானா வேண்டாம்.

4. உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

5. கீரை, பருப்பு, மீன், கொட்டைகள், பழங்கள் அன்றாட உணவில் இருக்கட்டும்.

ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதமாகும். எனவே பழக்கத்தை மாற்றியவர்கள் அதுவரை பொறுத்திருந்து மறுபரிசோதனை செய்ய வேண்டும்.

ஏற்கனவே சத்து மாத்திரை எடுப்பவர்கள் புட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனைவி தனியே பழி சுமக்காமலிருக்க, கணவரும் முதல் நாளிலேயே பரிசோதனைக்கு முன்வர வேண்டும்.