ஆந்தை அலறும் வேளையில் தூண்டில்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கோடையில் ஆற்று நீரின் வெப்பம் தொடர்ந்து 3 நாட்கள் சுமார் 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை டிரவுட் மீன் பிடிக்கத் தடை வரலாம். ஆந்தை அலறும் இருட்டிலேயே வேலைக்குக் கிளம்பிய அந்தக்கால மரவெட்டிகளை வைத்து, இதற்கு ஆந்தையின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். "இறகும் நூலும் சுற்றிய பொய் ஈயால் பிடித்து, உடனே ஆற்றில் விட்டுவிடுகிறோமே, இதில் என்ன கேடு?" என்று தூண்டில்காரர்கள் கேட்பது இயல்புதான். கேடு தண்ணீரில் இருக்கிறது. 10 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரியில் 9தான். மீனின் உடம்போ சூடு ஏற ஏற இன்னும் அதிகமாகக் கேட்கும். வற்றிய ஆறு சீக்கிரமே சூடேறிவிடும். போராடிக் களைத்த மீன், செவுள் மூடி படபடக்க நீந்திப் போனாலும், சில மணி நேரம் கழித்துச் சாகக்கூடும்.

அந்தியில் குளிர்ந்துவிடுமே என்பாரும் உண்டு. குளிர்வது காற்று, பகலெல்லாம் வாங்கிய சூட்டை ஆறு இரவு முழுக்க மெல்லத்தான் விடும். நீர் மிகக் குளிர்ந்திருப்பது விடியலில். அப்போதும் வலுவான நரம்பு கட்டி, மீனைச் சீக்கிரம் கரைசேர்த்து, தண்ணீரைவிட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்ற வேண்டும்.