11 புள்ளிக் கையின் உண்மையான மதிப்பு என்ன?

மாணவர்களே, ஒரு கட்டுச் சீட்டைக் கலைத்து நால்வருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 13 சீட்டு வரும். அப்படி உங்கள் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் எத்தனை தெரியுமா? 635,013,559,600. நம்ப முடியாவிட்டால் கணிப்பானை எடுத்து 52இலிருந்து 13ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகளைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இந்த 635 பில்லியன் கைகளில் எதை நீட்டினாலும், பிரிட்ஜ் ஆடுபவர் ஐந்து விநாடியில் அதற்கு ஒரு மதிப்பெண் போட்டுவிடுவார். அந்த மதிப்பெண் எங்கே சரியாக இருக்கிறது, எங்கே நம்மை ஏமாற்றுகிறது என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

சீட்டு என்றதும் வீட்டில் முகம் சுளிக்கக்கூடும். காசு வைக்காமலேயே ஆடப்படும் ஆட்டம் இது என்று சொல்லுங்கள். 2018ஆம் ஆண்டு ஜக்கர்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆடவர் குழுப் பிரிவில் தங்கம் வென்றது சிங்கப்பூர்! இதைச் சொன்னால் பெற்றோர் கொஞ்சம் இறங்கி வருவார்கள் என்பது என் அனுபவம்.

முதலில் விதிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் ஓர் அணி. ஒருவர் ஒரு சீட்டைப் போட, மற்ற மூவரும் அதே வகையில் ஆளுக்கொன்று போட வேண்டும். அவற்றில் பெரிய சீட்டு அந்த நான்கையும் எடுக்கும். அது ஒரு பிடி. மொத்தம் 13 பிடிகள். ஆட்டம் தொடங்குமுன் ஏலம் நடக்கும். "நாங்கள் இத்தனை பிடி எடுப்போம், இந்த வகைதான் துருப்பு" என்று கேட்க வேண்டும். கேட்கும் எண்ணோடு 6ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். "4 ஸ்பேட்" என்றால் ஸ்பேட் துருப்பாக 10 பிடி எடுப்போம் என்று பொருள். ஏலத்தை வென்றவரின் கூட்டாளி தன் சீட்டுகளை மேசைமேல் விரித்துவிடுவார். இரண்டு கைகளையும் வென்றவரே ஆடுவார்.

சிரமம் ஏலத்தில்தான். கூட்டாளியின் சீட்டு உங்களுக்குத் தெரியாது. கண்ணசைக்கக் கூடாது, பெருமூச்சு விடவும் கூடாது. நீங்கள் கேட்கும் கேள்விகள் மட்டுமே அவருக்குச் செய்தி.

அதற்குத்தான் மதிப்பெண். ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1. 1915இல் பிரையன்ட் மெக்கேம்பல் என்பவர் வெளியிட்ட இந்தக் கணக்கை மில்டன் வொர்க் பரப்பினார். இன்று நாம் ஆடும் பிரிட்ஜின் மதிப்பெண் முறையை ஹெரல்ட் வாண்டர்பில்ட் உருவாக்கியது 1925இல், பனாமா கால்வாய் வழியாகச் சென்ற ஒரு கப்பலில். ஆட்டத்தைவிட அதன் அளவுகோலுக்கு வயது அதிகம்! நம் பள்ளிக் கேண்டீன்களில் நீங்கள் ஆடும் 'ஃபுளோட்டிங் பிரிட்ஜ்' ஆட்டத்தில், கை மிக மோசமாக இருந்தால் 'வாஷ்' கேட்பீர்கள் அல்லவா? அந்த மோசத்தை அளக்கப் பெரும்பாலான குழுக்கள் பயன்படுத்துவதும் இதே 4-3-2-1தான்.

ஒரு கட்டில் மொத்தம் 40 புள்ளி. சராசரிக் கைக்கு 10. அணிக்கு 25 அல்லது 26 இருந்தால் 4 ஸ்பேட் போன்ற பெரிய ஒப்பந்தத்தைக் கேட்கலாம் என்பது வழக்கமான அறிவுரை. இதை நேர்விகிதத்தில் சோதித்துப் பாருங்கள். 40 புள்ளிக்கு 13 பிடி என்றால் 26 புள்ளிக்கு எட்டரைப் பிடிதான் வர வேண்டும். ஆனால் 10 எதிர்பார்க்கிறோம். ஏன்? வலிமை கூடிய அணிக்கு நேரம் கிடைக்கிறது. எதிரியின் துருப்பை முதலில் வெளியே இழுத்துவிட்டால் 5, 6 போன்ற பொடிச் சீட்டுகளும் பிடி எடுக்கத் தொடங்கும். பொடிச் சீட்டுக்கு நம் அளவுகோல் தருவது பூஜ்யம்.

இந்தக் குறையைச் சரிசெய்ய 1949இல் சார்லஸ் கோரன், ஒரு வகையில் இரண்டே சீட்டு இருந்தால் 1, ஒன்றே இருந்தால் 2, ஒன்றுமே இல்லாவிட்டால் 3 என்று கூட்டச் சொன்னார். சீட்டு இல்லாததற்குப் புள்ளியா என்று கேட்காதீர்கள். எதிரி அந்த வகையை ஆடும்போது துருப்பால் வெட்டலாமே.

இனி நடந்த கதைக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை பிற்பகல் சில மாணவர்கள் பிரிட்ஜ் ஆடுகிறார்கள். போட்டிகளில் செய்வதுபோல, ஒரே சீட்டுப் பகிர்வை இரண்டு மேசைகளில் ஆடவைப்போம். முதல் மேசையில் நம் அணி வைத்திருந்த கையை இரண்டாம் மேசையில் மற்ற அணி வைத்திருக்கும். அறிவியல் பாடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்துகிறோமே, அதேதான். அதிர்ஷ்டம் இரு அணிக்கும் சமம். மிஞ்சுவது முடிவுகளின் தரம் மட்டும்.

சென்ற தவணையில் உயர்நிலை மூன்று மாணவி ஒருவரின் கை இது:

ஸ்பேட்: ஏஸ், கிங், 8, 6, 3
ஹார்ட்: ஏஸ், 7, 4, 2
டைமண்ட்: 5
கிளப்: 9, 6, 4

11 புள்ளி. நீளமான இரண்டு வகைகளில் 5, 4 சீட்டுகள் இருப்பதால் ஏலத்தைத் தொடங்கலாம். "1 ஸ்பேட்" என்றார். கூட்டாளி "2 ஸ்பேட்" என்றார். 'உன் ஸ்பேட் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் என் கை சுமார்தான்' என்று அதற்குப் பொருள். மாணவி அத்துடன் நிறுத்திக்கொண்டார். கூட்டாளி விரித்த கை:

ஸ்பேட்: குயின், 9, 5, 2
ஹார்ட்: கிங், 8, 5
டைமண்ட்: 8, 7, 4, 2
கிளப்: ஏஸ், 3

டைமண்டில் ஒன்று, ஹார்ட்டில் ஒன்று, கிளப்பில் ஒன்று என மூன்று பிடிகள்தான் போயின. 10 பிடி வந்துவிட்டது! கேட்டது 2 என்பதால் கிடைத்தது 170. மற்ற மேசையில் இதே சீட்டுகளுக்கு 4 ஸ்பேட் கேட்டு 420 எடுத்திருந்தார்கள். அந்த ஒரு பகிர்வில் மாணவியின் அணி அன்றைய போட்டியையே இழந்தது.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து 20 புள்ளிதான் சார். எப்படிக் கேட்பது?" என்றார். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. விதிப்படிதான் ஆடியிருக்கிறார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

நான் அவருடைய கையைத் தொடவில்லை. கூட்டாளியின் கையை மட்டும் மாற்றினேன்:

ஸ்பேட்: குயின், 9, 5, 2
ஹார்ட்: 8, 5, 3
டைமண்ட்: கிங், குயின், ஜாக், 2
கிளப்: ஜாக், 3

எண்ணிப் பாருங்கள். முன்பும் 9 புள்ளி, இப்போதும் 9 புள்ளி. வடிவமும் 4-3-4-2, அதேதான். இப்போது ஆடிப் பார்க்கச் சொன்னேன். எதிரணி முதலில் ஹார்ட் ஆடி ஏஸை வெளியே இழுத்தது. பிறகு டைமண்டில் ஒன்று, ஹார்ட்டில் இரண்டு, கிளப்பில் இரண்டு என்று ஐந்து பிடிகளை எடுத்துக்கொண்டது. மிஞ்சியது 8.

கூட்டாளியின் 9 புள்ளிகளில் 6 எங்கே கிடக்கின்றன என்று கவனியுங்கள். மாணவியிடம் ஒரே ஒரு சீட்டு இருக்கும் டைமண்டில். அங்கே நாம் இழக்கப்போவது எப்படியும் ஒரே பிடிதான். அதைக் காக்க மூன்று பெரிய சீட்டுகள் காவல் நிற்கின்றன! முதல் கையிலோ ஏஸும் கிங்கும் மாணவிக்கு ஓட்டை இருந்த கிளப்பையும் ஹார்ட்டையும் அடைத்தன.

வேறு அளவுகோலால் இந்த வேறுபாட்டைக் கண்டிருக்கலாமா? 1930களில் டட்லி கோர்ட்னி பரப்பிய 'இழப்புக் கணக்கு' ஒன்று உண்டு. ஒவ்வொரு வகையிலும் முதல் மூன்று சீட்டுகளை மட்டும் பார்த்து, ஏஸ், கிங், குயின் இவற்றில் இல்லாதவற்றை எண்ணுங்கள். இரண்டே சீட்டு இருந்தால் ஏஸ், கிங் மட்டும். ஒன்றே இருந்தால் ஏஸ் மட்டும். இரண்டு கைகளின் இழப்புகளையும் கூட்டி 24இலிருந்து கழித்தால் கிடைக்கக்கூடிய பிடிகள். மாணவியின் கையில் 7 இழப்பு. கூட்டாளியின் முதல் கையில் 8. இரண்டாவது கையிலும் 8! இரண்டுக்குமே விடை 24 கழித்தல் 15, அதாவது 9.

உண்மையில் வந்தவை 10, 8. இவற்றின் சராசரி என்ன? 9. கணக்கு சராசரியைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் இந்த ஒரு தடவை அதற்கு மேலா கீழா என்று அதனால் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீட்டை எழுதும்போது பக்கத்தில் கூட்டல்-கழித்தல் குறியிட்டுப் பிழை வரம்பையும் எழுதச் சொல்கிறேனே, அது இதற்காகத்தான்.

அந்த வரம்பை எப்படிக் குறைப்பது? கூடுதல் தகவல் வேண்டும். மற்ற மேசையில் அதைத்தான் செய்தார்கள். "2 ஸ்பேட்" வந்ததும் "3 டைமண்ட்" என்று கேட்டார்கள். அவர்களுக்குள் முன்பே பேசி வைத்த பொருள்: 'டைமண்டில் எனக்கு ஒரே சீட்டு. உன் வலிமை அங்கே இருந்தால் 3 ஸ்பேடில் நிறுத்து, வேறு இடத்தில் இருந்தால் 4க்குப் போ.' இது ரகசியக் குறியல்ல. எதிரணி கேட்டால் பொருளைச் சொல்லியாக வேண்டும் என்பது விதி.

கேட்பது இலவசமும் அல்ல. கூட்டாளியிடம் இரண்டாவது கை இருந்திருந்தால் 3 ஸ்பேடில் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு 9 பிடி வேண்டும், வருவதோ 8. 50 புள்ளி போகும். பேசாமல் 2இல் நின்றிருந்தால் 110 கிடைத்திருக்கும். ஆக, கேள்வியின் விலை 160. கைகொடுத்தால் லாபம் 420 கழித்தல் 170, அதாவது 250. ஒன்றும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு 4க்குத் தாவினால்? லாபம் அதே 250. தவறினால் 100 போகும். 110ஐயும் இழப்பதால் நட்டம் 210. இரண்டு கைகளும் சம வாய்ப்புள்ளவை என்று வைத்துக்கொண்டால், கேட்பவருக்குச் சராசரியாக 45 லாபம். தாவுபவருக்கு 20. நிறுத்திக்கொண்டவருக்குப் பூஜ்யம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் அந்த மாணவியே போட்டார். நான் சுண்ணக்கட்டி மட்டும் கொடுத்தேன்.

கணினிகள் ஏராளமான பகிர்வுகளை ஆடிப் பார்த்ததில் 4-3-2-1 மேலும் சில இடங்களில் பிசகுவது தெரிந்திருக்கிறது. துருப்பு ஆட்டங்களில் அது ஏஸைக் குறைத்து மதிப்பிடுகிறது, ஜாக்கைக் கூட்டி மதிப்பிடுகிறது. ஆனாலும் வல்லுநர்கள் இன்றும் இந்த எண்களில்தான் தொடங்குகிறார்கள். மனத்துக்குள் எளிதாகக் கூட்ட முடிவதும் ஓர் அளவுகோலின் தகுதிதான். ஒவ்வொரு கேள்வி வரும்போதும் தங்கள் கையின் மதிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டே போவார்கள்.

விடுமுறையில் நீங்களும் முயன்று பாருங்கள். ஒரு கட்டைக் கலைத்து நான்கு கைகளாகப் பகிருங்கள். ஒவ்வொரு கையின் புள்ளியையும் குறித்துக்கொண்டு 25 முறை செய்யுங்கள். 100 கைகள் கிடைக்கும். பட்டை வரைபடம் வரையுங்கள். நடுவில் மேடு எங்கே எழுகிறது? சராசரியைக் கணக்கிட்டால் சரியாக 10 வரும். வராவிட்டால் எங்கோ தவறாகக் கூட்டியிருக்கிறீர்கள். ஏன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கண்டுபிடியுங்கள்.

இன்னொன்று. 9க்கு மேல் ஒரு சீட்டுகூட இல்லாத கை வராது என்று 1000க்கு 1 என்ற கணக்கில் பந்தயம் கட்டியவர் இங்கிலாந்தின் யார்பரோ பிரபு. அப்படிப்பட்ட கைக்கு இன்றும் அவர் பெயர்தான். கட்டில் 9 வரையுள்ள சீட்டுகள் 32. அவற்றிலிருந்து 13ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகளை முதலில் சொன்ன 635 பில்லியனுடன் ஒப்பிடுங்கள். பிரபு ஏழையாகியிருப்பாரா, பணக்காரராகியிருப்பாரா?