அட்மிஷன் வந்துவிட்டதா? உதவித்தொகையைத் தேடுங்கள்

தூத்துக்குடியில் ஆங்கில இலக்கியமோ வரலாறோ முடித்த பிள்ளை, அமெரிக்காவில் மேற்படிப்பு என்று கன்சல்டன்சி படியேறினால், "எம்.எஸ். டேட்டா சயின்ஸ் போடலாமே" என்றுதான் பேச்சு தொடங்கும். மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுக்குப் பல பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருகின்றன. ஆனால் அமெரிக்கவியல் (அமெரிக்கன் ஸ்டடீஸ்) போன்ற துறைகளில் முனைவர் பட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரு சிலரைத்தான் எடுப்பார்கள். அங்கே கமிஷனுக்கு இடமில்லை.

யேல், பிரவுன் போன்ற பல்கலைக்கழகங்களில் அமெரிக்கவியல் பிஎச்.டி. கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது. மாத உதவித்தொகையும் உண்டு. எம்.ஏ.வுக்குப் பெரும்பாலும் இந்தச் சலுகை இல்லை. அதனால் அட்மிஷன் கடிதம் வந்ததும் உதவித்தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று பாருங்கள். எழுத்தில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்ட் எழுதித் தரும் நோக்க அறிக்கையை (எஸ்.ஓ.பி.) நம்ப வேண்டாம்; நம் ஊரிலிருந்தே ஒரு கேள்வி எடுத்து நீங்களே எழுதுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861–65இல் இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வரத்து நின்றது; இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது, நம் கரிசல் பருத்தியும் தூத்துக்குடியில் கப்பலேறியது. இதை ஆராயப் போகிறேன் என்று எழுதும் மாணவியைத் தேர்வுக்குழு நின்று கவனிக்கும்.

"ரெண்டு நாள்ல டெபாசிட் கட்டலேன்னா சீட் போயிடும்" என்று ஏஜென்ட் மிரட்டினால் பதறாதீர்கள். உதவித்தொகையோடு வரும் இடத்தை ஏற்பதா என்று முடிவு செய்ய ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் கூட்டுத் தீர்மானத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன. துறைக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

போலிப் பல்கலைக்கழகங்களும் உண்டு. 2011இல் கலிஃபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது இந்திய மாணவர் சிலரின் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள். 2019இல் வெளிவந்த மிச்சிகன் ஃபார்மிங்டன் பல்கலைக்கழக விவகாரத்தில் முதலில் கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்தியதே அமெரிக்கக் குடியேற்றத் துறைதான்! அமெரிக்க அரசின் அங்கீகாரப் பட்டியலில் அதன் பெயர் இருந்தது, வகுப்புதான் நடக்கவில்லை. ஆகவே பட்டியலோடு நிற்காமல், பேராசிரியர்கள் யார், இப்போது படிப்பவர்கள் யார் என்றும் விசாரியுங்கள்.

நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பெயரிலும் ஒரு சிக்கல். ஞானஸ்நானச் சான்றில் பர்னாந்து இருக்கும், மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அப்படியிருந்தால் விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழும். பிறகு அங்கே வங்கிக் கணக்கு முதல் ஓட்டுநர் உரிமம் வரை விளக்கம் சொல்லித் தீராது. விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்துங்கள்.

விசாவுக்காக வங்கிக் கணக்கில் பணம் இருப்பதுபோல் காட்டித் தருகிறோம் என்பவரிடம் நெருங்கவே வேண்டாம். பொய் ஆவணம் பிடிபட்டால் அமெரிக்க விசாவுக்கு நிரந்தரத் தடை வரலாம்.

ஏமாந்துவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. ஏஜென்ட் சென்னைக்காரராக இருந்தாலும் தூத்துக்குடியிலேயே வழக்குப் போடலாம். நுகர்வோர் உதவி எண் 1915; ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930.

கமிஷன் வாங்காத ஆலோசனைக்கு, அமெரிக்க அரசு ஆதரவில் இயங்கும் எஜுகேஷன்யுஎஸ்ஏ மையம் சென்னையில் இருக்கிறது. யாரிடம் போனாலும் ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழை விட்டுவிட்டு வராதீர்கள்.