நகச்சொத்தையும் ஒரு பேசின் வெந்நீரும்

மாலை வேளை. தாத்தா நாற்காலியில் அமர்ந்து, ஒரு பேசின் வெந்நீரில் கால்களை வைத்திருக்கிறார். நீரில் ஒரு கை உப்பும் கொஞ்சம் வினிகரும் கலந்திருக்கின்றன. அவருடைய கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்கிறது. "நகச்சொத்தைக்கு இதுதான் கைகண்ட மருந்து. தினம் இருபது நிமிடம் ஊறினால் போதும்" என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இக்காட்சியை உங்களில் பலர் வீட்டில் கண்டிருப்பீர்கள். இதனால் பயன் உண்டா? நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலே இதற்கு விடை தேட உதவும்.

நகச்சொத்தைக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்னும் பூஞ்சை. நம் நகமும் முடியும் மாட்டின் கொம்பும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. அந்தக் கெரட்டின்தான் இப்பூஞ்சைக்கு உணவு. இது பெரும்பாலும் நகத்தின் நுனி வழியாகவோ ஓரத்தின் வழியாகவோ நுழைந்து, நகத்துக்கும் அதன் அடியிலுள்ள சதைக்கும் இடையே குடியேறுகிறது. அதாவது, நகமே அதற்குக் கூரை.

வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் சோதனைத் தட்டில் வளரும் பூஞ்சைகள் பலவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆகவே அந்த நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றது அன்று. ஆனால் தட்டில் அமிலம் பூஞ்சையை நேராகத் தொடுகிறது. காலிலோ அது கூரையைக் கடந்து உள்ளே போக வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை செய்யலாம். கடைகளில் விற்கும் கடற்பாசியைக் கொதிநீரில் கரைத்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதியளவு ஊற்றி உறைய விடுங்கள். உறைந்த பின் அதன்மேல் சிறிது மை ஊற்றுங்கள். மை கீழே இறங்கும் ஆழத்தை அவ்வப்போது அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முதலில் விரைவாக இறங்கும் மை, போகப் போக மெதுவாக நகர்வதைக் காண்பீர்கள்.

இந்நிகழ்ச்சிக்கு விரவுதல் என்று பெயர். இதன் விதிகளை 1855-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அடால்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானிய உடலியல் அறிஞர். விரவுதலில் நேரம், தொலைவின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. ஒரு மி.மீ. ஆழம் செல்ல ஒரு மணி நேரம் ஆனால், இரண்டு மி.மீ. செல்ல நான்கு மணி நேரமும், மூன்று மி.மீ. செல்ல ஒன்பது மணி நேரமும் ஆகும்.

நீரில் ஊறிய நகமும் ஒருவகைக் கூழ் போலவே நடந்துகொள்கிறது. ஆனால் அது கடற்பாசிக் கூழைவிடப் பன்மடங்கு நெருக்கமானது. அதோடு, நோயுற்ற நகம் தடித்துவிடுகிறது. தடிமன் இருமடங்கானால் மருந்து கடக்கும் நேரம் நான்கு மடங்காகும். ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். அவற்றில் 20 நிமிடம் மட்டும் நீரில் வைத்துப் பிறகு காலை வெளியே எடுத்துவிட்டால், உள்ளே எவ்வளவு சேரும்? நகத்தின்மேல் பூசி அப்படியே விட்டுவைக்கும் மருந்துகளைக்கூட மருத்துவர்கள் மாதக்கணக்கில் பூசச் சொல்வதன் காரணம் இப்போது விளங்கும்.

அடுத்து, காலம். உங்கள் கைப் பெருவிரல் நகத்தின் அடிப்பகுதியில் அரத்தால் மெல்லிய கீறல் ஒன்று இட்டு, முப்பது நாள் கழித்து அளந்து பாருங்கள். ஏறக்குறைய 3 மி.மீ. நகர்ந்திருக்கும். கால் நகம் அதில் பாதி வேகத்தில்தான், மாதத்துக்குச் சுமார் 1.5 மி.மீ. அளவே வளர்கிறது. 18 மி.மீ. நீளமுள்ள கட்டைவிரல் நகம் முழுதும் புதிதாக வளர 12 மாதம் தேவை என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். முதியவர்களுக்கு இன்னும் அதிகமாகும். பூஞ்சை இன்றே செத்துவிட்டாலும் கெட்டுப்போன நகம் மறுபடி தெளிவடையாது. அது வளர்ந்து வெளியேறத்தான் வேண்டும். எனவே "பத்தே நாளில் நகம் சுத்தமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள்.

சரி, நீரை நன்றாகச் சூடாக்கினால் பூஞ்சை சாகாதா? சாகும். காலுறைகளை 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவைத்தால் அவற்றிலுள்ள பூஞ்சை அழியும். ஆனால் அதே நீர் நம் தோலைச் சில நொடிகளிலேயே வேகவைத்துவிடும். நீரின் வெப்பங்கடத்து திறன் காற்றைப்போல் 20 மடங்குக்கும் மேல். அதனால்தான் 50 டிகிரி வெப்பமுள்ள காற்றில் சிறிது நேரம் கை நீட்டி நிற்க முடிகிற நம்மால், அதே வெப்பமுள்ள நீரில் கையை வைக்க முடிவதில்லை.

உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தின் நரம்புகள் நலிந்து, சூடு தெரியாமல் போகலாம். நமக்குச் சுரீரென்று சுடும் நீர் அவர்களுக்கு இதமாகவே தோன்றும். கால் கொப்பளித்த பின்புதான் தெரியவரும். அந்தப் புண் எளிதில் ஆறாது. சில சமயம் விரலையே இழக்கவும் நேரிடும். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் வெந்நீரில் காலை ஊறவைப்பதைத் தவிர்ப்பதே நல்லது. வினிகரை நீர் கலக்காமல் ஊற்றுவதும், பிளீச்சிங் பவுடரைக் கரைப்பதும் யாருக்குமே கூடாது. அவை நகத்தைச் சுற்றியுள்ள தோலை அரித்துப் புண்ணாக்கும்.

அப்படியானால் ஊறவைப்பதால் பயனே இல்லையா? ஓரளவு உண்டு. நீரிழிவு இல்லாதவர்கள் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் தடித்த நகம் மென்மையாகி, வெட்ட எளிதாகும். பிறகு விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும். ஈரம் பூஞ்சைக்கு உற்ற தோழன்.

சொத்தையாகத் தோன்றும் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் கெட்டவை. அடிபட்டாலும், சொரியாசிஸ் என்ற தோல்நோய் கண்டாலும் நகம் அதேபோல் ஆகலாம். மருத்துவர் நகத்தைச் சிறிது சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இடுவார். கெரட்டின் கரைந்துபோக, பூஞ்சையின் இழைகள் நுண்ணோக்கியில் தெரியும். பூஞ்சைதான் என்று உறுதியானால் டெர்பினஃபைன் போன்ற மாத்திரையைத் தரலாம். கால் நகத்துக்கு வழக்கமாக 12 வாரம் உட்கொள்ள வேண்டும். அம்மருந்து கூரையைத் துளைக்க முயல்வதில்லை. இரத்தத்தின் வழியே நகம் உருவாகும் இடத்துக்கும் அதன் அடிப்பகுதிக்கும் சென்று சேர்கிறது. கல்லீரல் நலத்தைக் கவனித்துத் தர வேண்டிய மருந்து ஆதலால், நாமாகக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது.

இன்று மாலை தாத்தா பேசினைக் கேட்டால், முதலில் அவருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று வீட்டாரிடம் கேளுங்கள். இருந்தால் பேசினை எடுத்து வைத்துவிட்டு, மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். இல்லையென்றால், அவர் கால் வைக்கும் முன் உங்கள் முழங்கையால் நீரின் சூட்டைப் பாருங்கள். அவர் எழுந்ததும் ஒரு துண்டால் விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்துவிடுங்கள்.