பழைய தண்டனை சாட்சி சொல்லலாமா?

வாடிப்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் இரவோடு இரவாகத் தொழுவத்து ஆடுகள் களவு போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். விடிந்ததும் ஊரார் நாவிலும் போலீஸார் நினைவிலும் முதலில் வந்து நிற்பது, முன்பொரு தடவை ஆடு திருடிச் சிறைவாசம் அனுபவித்து மீண்டவனின் பெயரே. "அவனை விட்டால் வேறு யார்?" என்ற ஒரு கேள்வியிலேயே ஊர் தன் தீர்ப்பைச் சொல்லி முடித்துவிடும். அதே மனிதன் நீதிமன்றக் கூண்டில் ஏறி நிற்கும்போதோ, அவனுடைய பூர்வ சரித்திரத்தைப் பற்றி வாய் திறவாதிருக்கும்படி அரசுத் தரப்புக்குச் சட்டம் கட்டளையிடுகிறது.

இக்கட்டளை ஆதிமுதல் இருந்ததன்று. ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வகுத்த 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, எதிரி முன்பு தண்டனை அடைந்தவர் என்ற சங்கதியை ஏற்கத்தக்க சாட்சியமாகவே முதலில் கொண்டிருந்தது. 1891-இல் வந்த திருத்தமே, எதிரி தம்மை நற்குணமுடையவர் என்று நிரூபிக்க முற்பட்டாலன்றி, அல்லது துர்நடத்தையே வழக்கின் விஷயமாக இருந்தாலன்றி, அக்கதவைச் சாத்தியது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் தன் 49-ஆம் பிரிவில் அவ்விதியைக் காப்பாற்றி வருகிறது.

காரணம் எளிது. முன்பு திருடினான் என்பது அன்றிரவு தொழுவத்தில் புகுந்தவன் யார் என்பதைச் சொல்வதில்லை. சாட்சியம் தளர்ந்திருக்கும் இடத்தைக் கேட்பவர் மனத்தின் வெறுப்பைக் கொண்டு நிரப்புவதற்கே அது உதவும். ஆனால் எதிரியின் அறிவோ எண்ணமோ கேள்விக்குள்ளாகும்போது நிலைமை வேறு. கள்ள நாணயம் என்று அறிந்தே அதை மாற்றினார் என்ற வழக்கில், அதே குற்றத்துக்கு அவர் முன்பு தண்டிக்கப்பட்டிருப்பது பொருந்தும் என்று பழைய சட்டமே உதாரணம் காட்டியிருந்தது.

பழைய தண்டனையைக் காட்டி அதிகத் தண்டனை கேட்க விரும்பினால், அதைக் குற்றச்சாட்டில் குறிப்பிட வேண்டும். எனினும் செஷன்ஸ் விசாரணையில் புதிய குற்றம் ருசுவாகும்வரை அப்பகுதியை வாசிக்கலாகாது. பின்னரே பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகலையோ சிறை அதிகாரியின் சான்றையோ தாக்கல் செய்து, அன்று தண்டனை பெற்றவர் இவர்தாம் என்பதையும் நிரூபிக்க வேண்டும். சிறிய ஊர்க் கோர்ட்டில் எதிரியின் முகத்தை டவாலி முதல் அனைவரும் அறிவர் என்பது வேறு விஷயம். சட்டம் ஆவணத்தின் வாயைத்தான் கட்ட முடியும், ஞாபகத்தின் வாயை அன்று.

இதில் என்னை உறுத்துவது ஒரு முரண். நிரூபணமான தண்டனையைக்கூட விசாரணையில் பேசக்கூடாது என்று 1891-இல் விதித்த அதே ராஜாங்கம், 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு, ஒரு நாளும் கூண்டேறாத மனிதர்களையும் பிறப்பினாலேயே குற்றவாளிகளாக்கிக் கைரேகை பதியச் சொன்னது. அதை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸார் சுட்டதில் 16 பேர் மாண்டனர், ஒருவர் பெண். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-இல்தான். நீதிமன்றத்துக்குள் மதித்த நியாயத்தை வெளியே மிதித்தார்கள் என்பதே என் தீர்ப்பு.

அந்த மனப்பான்மை முற்றும் போய்விடவில்லை. போலீஸ் ஸ்டேஷன்களில் சரித்திரப் பதிவேடுகள் இருக்கின்றன; குண்டர் சட்டம் என்று வழங்கும் 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ், தீர்ப்பாகாத வழக்குகளையும் அடுக்கிக் காட்டி, விசாரணையின்றியே ஒருவரைப் 12 மாதம் வரை அடைத்துவைக்கலாம். மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவதே பிறகு வழி.

கூண்டில் நிற்பவரின் உறவினர்க்கு ஒரு வார்த்தை: "எங்கள் பிள்ளை நல்லவன்" என்று சாட்சி சொல்ல ஊர்ப் பெரியவரை அழைத்து வருமுன் வக்கீலைக் கலந்துகொள்ளுங்கள். அச்சாட்சியம் பதிவாகிவிட்டால், பழைய தண்டனையை எடுத்து வைக்க அரசுத் தரப்புக்கு உரிமை பிறந்துவிடும்.